லவோனின் மத்து

சிவப்புத் துண்டு கீழே போனது. மேலே வரவில்லை.

மார்லிஸ் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெள்ளைத் துணிகளோடு ஒரே ஒரு சிவப்புத் துண்டைப் போட்டு, மூடியைத் திறந்து வைத்தே மெஷினை ஓடவிட்டு, துண்டு நடுவில் முங்கி ஓரத்தில் எழுவதைப் பார்ப்பது பழைய வாஷிங் மெஷின் சேர்க்கிறவர்களின் வழக்கம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் புரட்டு. எவன் வீட்டு மெஷினில் புரட்டு நன்றாக இருக்கிறதோ அவன்தான் ஊரில் ராஜா. கீழே போனது மேலே வந்தே ஆக வேண்டும் என்பது ஒன்றுதான் அந்தக் கூட்டத்துக்குச் சட்டம்.

அமெரிக்காவின் ஐயோவாவில் ஜனவரி மாதத்துச் சாயங்காலம் மதியச் சாப்பாடு முடிந்ததுமே வந்துவிடும். நிலவறையின் உயரமான சின்ன ஜன்னல்களைப் பனி பாதிக்குமேல் மூடியிருந்தது. மிச்சத்தில் கசிந்த நீல வெளிச்சம், வரிசையாக நின்ற வெள்ளை மெஷின்களின் தலைகளில் மட்டும் விழுந்து, சோப்புத் தூள் வாசனையும் சூடான ரப்பர் வாசனையும் ஈரச் சிமெண்டு வாசனையும் கலந்த அந்த இடத்தை இன்னும் குளிராகக் காட்டியது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அஜிடேட்டர் நின்றது. நம் ஊர்க் கண்ணுக்கு அது மத்துதான். வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பித் தண்ணீரைக் கடையும். ஒன்றுக்கு நேர்ச் சிறகு நாலு. அது துணியைப் பளார் பளாரென்று அறையுமே தவிர உள்ளே இழுக்காது. இன்னொன்று உலக்கை மாதிரி மேலும் கீழும் குத்தும். மார்லிஸ் தானே தேடிப் பிடித்து வாங்கியது இரட்டை மத்து. அடிப்பாதி கடைய, மேல்பாதி திருகாணிபோல் ஒரே பக்கம் சுற்றித் துணியைக் கீழே தள்ளும். புத்திசாலித்தனமான வேலைப்பாடு. ஆனால் புத்திசாலித்தனத்தை யார் கேட்டார்கள்?

கடைசி மூலையில் லவோனின் மெஷின் இருந்தது. கறுப்பு மத்து, பாவாடைபோல் சரிந்து விரிந்த அடிப்பாகம். லவோன், மார்லிஸின் புருஷன் வெர்லினுக்கு முதல் பெண்டாட்டி. செத்து ஆறு வருஷமாகிறது. செத்தாலென்ன, சக்களத்தி சக்களத்திதானே!

அந்த மெஷின் ஓடும்போது வெர்லின் ஒரு பார்வை பார்ப்பான். தலை லேசாகச் சாய்ந்திருக்கும், வாய் கொஞ்சம் திறந்திருக்கும், இமைக்க மறந்துபோகும். முங்கிய துணி எப்போது எழும் என்று காத்திருக்கும் பார்வை அது. கல்யாணமான நாளிலிருந்து மார்லிஸ் அதற்காக ஏங்கியிருக்கிறாள். புதுத் துணி உடுத்தியும், முடியை வெட்டியும், கடைசியில் மெஷின் பைத்தியமே பிடித்தவள்போல் நடித்தும் பார்த்துவிட்டாள். ஒருமுறைகூட அந்தப் பார்வை அவள் மேல் விழவில்லை. வயிறு எரிந்தது. அதை அவள் தனக்குள்ளேகூட மறைத்ததில்லை.

போன வாரம் சில்லி சூப்பும் பட்டைத்தூள் தூவிய இனிப்பு ரொட்டியும் தின்றுகொண்டே, பக்கத்துத் தெரு கோர்டி அவளைச் சீண்டியிருந்தான்.

"சனிக்கிழமை நம்ம மெஷின் கூட்டம் எல்லாரும் வராங்க. உன் இரட்டை மத்து லவோனோடதுகிட்ட நிக்குமா, மார்லிஸ்?"

"நிக்கறதென்ன, ஜெயிக்கும்!"

"அடப் போம்மா. உன்னோடது தண்ணியைச் சுத்துது. அவளோடது துணியைப் புரட்டுது."

வெர்லின் வாய்விட்டுச் சிரித்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அந்த மத்தைக் கழட்டி ஒரு தடவை சுத்தம் பண்ணக் கூடாதா? அடியில என்னென்ன குப்பை இருக்கோ," என்றாள் அவள்.

"அதுல மட்டும் கை வைக்காதே," என்றான் வெர்லின். "அவ மோதிரம் அதுக்குள்ளதான் விழுந்துச்சு. கெடக்கட்டும்."

"மோதிரம்னா எடுக்க வேண்டாமா?"

"அவ அங்க இருக்கற மாதிரி எனக்கு ஒரு நெனப்பு. விட்டுடு."

இன்று, அவன் மேலே சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், இரண்டு மெஷின்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று அவள் இறங்கி வந்தாள். லவோனுடையதில் எங்காவது ஒரு குறை கிடைக்காதா என்று ஆசை. கிடைத்தது. துண்டே காணோம்.

மெஷினை நிறுத்தினாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். போர்வை, தலையணை உறை, பனியன். சிவப்பு எங்கும் இல்லை. அவ்வளவு பெரிய துண்டு மத்துக்கடியில் நுழைய வழியே கிடையாது. ஆனால் வேறு எங்கே போகும்?

ஒட்டிக்கொண்ட மத்தைக் கிளப்ப இந்தக் கூட்டத்துக்கு ஒரு வித்தை உண்டு. கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் தொட்டியில் ஊற்றி ஊறவிட்டு, மத்தின் பாவாடைக்கடியில் தோல் வாரை மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து மேலே வெடுக்கென்று இழுப்பார்கள். அவள் ஊற்றினாள், மாட்டினாள். வெர்லினின் அந்த நினைப்பையும் சேர்த்துப் பிடுங்குகிறவள்போல் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மத்து முனகியது. பிறகு, பல் பிடுங்கினதுபோல், கையோடு வந்துவிட்டது.

அதைத் தரையில் வைத்துவிட்டு, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிக் கலங்கிய நீருக்குள் கைவிட்டுத் துழாவினாள். துண்டு இல்லை. மோதிரமும் இல்லை. விரலில் தட்டுப்பட்டதை அள்ளி வெளிச்சத்தில் விரித்தாள்.

பொத்தான்கள். நீலம், முத்து வெள்ளை, பச்சை. அவளுடைய இரவு உடையின் பொத்தான். அவளுடைய கோட்டுப் பொத்தான். போன மாதம் தொலைந்த அவளுடைய கம்மல். அவளுடைய தலைப் பின்.

இந்த மெஷினில் அவள் துணி ஒருநாளும் துவைத்ததில்லை. வெர்லின் விட்டதில்லை.

வயிற்றெரிச்சல் தனக்கு மட்டுமில்லை என்று அப்போது புரிந்தது. இங்கேயும் ஒருத்தி இருந்து எரிந்திருக்கிறாள்.

டக்.

யாரும் தொடாத குமிழ் திரும்பியது. மோட்டார் உறுமியது. நடுவில் வெறும் இரும்புத் தண்டு வலமும் இடமும் திரும்பியது. மத்து அவள் காலடியில் கிடந்தது. மத்தில்லாத மெஷினில் தண்ணீர் லேசாக நடுங்கும், அவ்வளவுதான். அதை எந்தக் கற்றுக்குட்டியும் சொல்வான்.

தண்ணீர் புரண்டது.

நடுவில் குழிந்து, ஓரத்தில் எழுந்து. அழகாக. வலம், இடம். வலம், இடம். எந்த மத்தும் அப்படிப் புரட்டி அவள் பார்த்ததில்லை. ஓரத்தில் சிவப்பாக ஒன்று எழுந்தது. துண்டு. யாரோ முறுக்கிப் பிழிந்த துண்டு.

அதைப் பிடித்திருந்த விரல்கள்.

நிலவறைப் படி கிறீச்சிட்டது. வெர்லின் தூக்கக் கலக்கத்தில் இறங்கி வந்தான்.

"கேட்டியா மார்லிஸ்? இது அவ கை பட்ட சத்தம். கேட்டு எத்தனை வருஷமாச்சு!"

அவன் தரையில் கிடந்த மத்தைப் பார்த்தான். கோபப்படவில்லை.

"எடுத்துட்டியா," என்றான் மெதுவாக. "எனக்குத்தான் தைரியமில்ல."

சட்டைக் கையை மடக்கினான். தண்ணீருக்குள் கை விட்டான். சோப்பில் ஊறி வெளுத்துச் சுருங்கிய கை ஒன்று துண்டை விட்டுவிட்டு அவன் விரல்களோடு கோத்துக்கொண்டது. மோதிரம் அதில் இருந்தது.

வெர்லின் தலை லேசாகச் சாய்ந்தது. வாய் கொஞ்சம் திறந்தது.

ஓட வேண்டும். கத்த வேண்டும். மார்லிசுக்கு இரண்டும் தெரிந்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டது. தன் கண்ணெதிரே, தன் வீட்டில், தன் புருஷன் கையை!

"விடுடி அவரை!"

இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு அந்த விரல்களைப் பிரித்தாள். அவை உடனே பிரிந்தன. இவ்வளவு சுலபமாகப் பிரியும் என்று அவள் நினைக்கவில்லை.

பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தன.

வலம். இடம். முழங்கை. வலம். இடம். தோள். வெந்நீர் கன்னத்தில் பட்டது. சோப்பு நுரை காதுக்குள் ஏறியது. அடியில், தண்டைச் சுற்றி, நீளமாக நரைத்த முடி.

"வெர்லின்! இழு! என்னை இழு!"

அவன் இழுக்கவில்லை. இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. அதன் வழியே மேலே அவன் முகம் தெரிந்தது. சாய்ந்த தலை. திறந்த வாய். இமைக்காத கண்கள், அவள் மேலேயே. அவள் ஒருத்தி மேலேயே.

முங்கியது எப்போது எழும் என்று அவன் காத்திருந்தான்.