ஒரு புள்ளியா, இரண்டா?

திரையில் எண்கள் எகிறின. அயெலென் நாற்காலியை விட்டு எழுந்தாள். ஸ்கேன் இயந்திரத்துக்காக அவள் உருவாக்கிய புதுக் கருவி... காலையிலிருந்து சாதுவாக இருந்ததற்கு இப்போது என்ன பேய் பிடித்தது?

கதவைத் திறந்தாள். வராந்தா ஜன்னலோரம், பரிலோச்சே நகரத்து ஏரியில் பெய்யும் மழையைப் பார்த்தபடி ஒருவன்... கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு.

"ஊசி போட்டவங்க ரூம்லயே படுத்திருக்கணும்னு சொல்லலையா? அந்த மருந்தால உங்க உடம்புலேர்ந்து வர்ற கதிர்ல என் கருவி தலைகால் புரியாம ஆடுது."

"என்னைப் பார்த்து ஆடுறது கருவி மட்டும்தானா..." திரும்பினான். ஐயோ, அந்தக் கண்கள்! "நான் ரமிரோ. ஏரியில படகு ஓட்டுறேன். உள்ள மூச்சு முட்டுச்சுங்க."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. போய்ப் படுங்க. உங்களைப் படம் எடுக்கப்போறதே இந்தப் புதுக் கருவிதான்."

அவன் சிரிப்பு நின்றது. "சோதிச்சுப் பார்க்க நான்தான் கிடைச்சேனா? பழைய மெஷின்லயே எடுத்துக்கறேன்." விறுவிறுவென்று போய்விட்டான்.

போனால் போகட்டும் என்று உள்ளே வந்தவள், அவனுடைய பழைய படத்தைப் பார்த்தாள். நுரையீரலில் ஒரு மங்கல், புற்றுநோய். ஒரே புள்ளி என்றால் அறுத்து எடுத்துவிடலாம். ஒட்டினாற்போல் இன்னொன்று இருந்தால், பரவிவிட்டது என்று அர்த்தம்... கத்தி வைக்க மாட்டார்கள்.

ரோஷத்தை விழுங்கிக்கொண்டு அவன் அறைக்கு ஓடினாள். "நான் கத்தினது தப்பு. ஆனா ரெண்டு இருந்தாலும் பழைய மெஷின் ஒண்ணாத்தாங்க காட்டும். இதுல வாங்க..."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "பயமா இருக்கு. நீங்க இருப்பீங்களா?"

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பேன்."

படம் மெல்ல உருவானது. டாக்டர் பெர்னார்தா நீட்டிய மாத்தே தேநீரை அவள் வாங்கவில்லை. மங்கல் சுருங்கியது... சுருங்கி, விளிம்பு தெளிந்தது...

"ஒண்ணுதான்," என்றார் டாக்டர். "ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாம்."

டாக்டர் அவனிடம் சொல்லிவிட்டுப் போனதும், ரமிரோ அவளைத் தேடி வந்தான். "ஒண்ணுதானாமே... நீங்க ஏன் அழறீங்க? உங்க கருவி சரியா வேலை செய்யலையா?"

"நல்லாத்தான் செஞ்சுது." முகத்தைத் துடைத்தாள், கண்ணீர் நிற்கவில்லை. "இத்தனை வருஷமா, ரெண்டு புள்ளி பிரிஞ்சு தெரியணும்னுதான் தவம் கிடந்தேன். இன்னிக்கு மட்டும் பிரியவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், ரமிரோ. நீங்க... நீ எனக்கு வேணும்."