பதினோராவது விநாடி

செத்துக் கிடந்த சிப்பாய் மறையவில்லை.

விளையாட்டில் சுடப்பட்டு விழுகிற உடல் பத்து விநாடியில் மறைந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிணங்கள் குவிந்து கம்ப்யூட்டர் திணறும். அதைச் சரிபார்ப்பதுதான் எட்டு மாதமாக அவள் வேலை. சன்னல் இல்லாத அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது, ஹெட்போனுக்குள் உலகப்போரின் மழை பெய்துகொண்டிருந்தது, சூடேறிய ஒயர் நாற்றத்தோடு எங்கிருந்தோ ஈரமண் வாடையும் வந்தது. ஒன்பது, பத்து. பதினொன்று. அவன் கிடந்தான்.

"சார், இவன் போக மாட்டேங்கறான்."

"செத்தவன் கிடக்கறதெல்லாம் ஒரு பிரச்சனையாம்மா? எந்திரிச்சா சொல்லு," என்று டீ குடிக்கப் போய்விட்டார் குழுத்தலைவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிப்பாயின் முகம் அவள் கொடுத்தது. தாத்தாவின் பெட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே, படைப்பிரிவுப் புகைப்படத்தை எடுத்துவந்து விளையாட்டுச் சிப்பாய்களுக்கு ஆறு முகங்களைக் கொடுத்திருந்தாள். ஆறு பேரும் போரில் ஒரே காலையில் செத்தவர்கள். அவர்களை நேரில் பார்த்தவர் என்று இனி இந்த உலகத்தில் தாத்தா ஒருவர்தான். அவரும் மூன்று நாளாகப் படுத்த படுக்கை. வரிசையின் நடுவில் நின்ற அவர் முகத்தை மட்டும் அவள் கொடுக்கவில்லை. தாத்தாவைச் சுட யாருக்கு மனசு வரும்?

அடுத்தவனைச் சுட்டுப் பார்த்தாள். அவனும் கிடந்தான். மூன்றாமவனும். ஆறு பேரும் விழுந்த பிறகுதான் கவனித்தாள், படத்தில் நின்ற அதே வரிசையில் கிடந்தார்கள். மூன்று பேர். நடுவில் ஓர் ஆள் படுக்கிற காலி இடம். மூன்று பேர்.

போன் அடித்தது. அம்மா.

"பாப்பா, தாத்தா யார் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடறாருடி. 'எனக்கு இடம் விட்டிருக்கானுங்க'ங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு, உடனே கிளம்பி வா."

"இதோ வரேம்மா. அவரை விட்டு நகராத."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு விளையாட்டை மூடப் போனாள். திரையில், புகைக்குள் ஏதோ அசைந்தது.

எட்டு மாதப் பழக்கம். அசைந்தால் சுடு. வேண்டாம் என்று மனசு சொல்வதற்குள் விரல் அழுத்திவிட்டது.

கூன் விழுந்த முதுகு. வெறுங்கால். கையில் துப்பாக்கி இல்லை. வீட்டில் போடுகிற அதே நீலச் சட்டை.

தள்ளாடி வந்து அந்தக் காலி இடத்தில் விழுந்தார்.

போனில் அம்மா அலறினாள்.

"ஐயோ, தாத்தா! தெரியாம சுட்டுட்டேன் தாத்தா!"

எட்டு. ஒன்பது. பத்து.

பதினொன்று.

ஏழு தலைகளும் அவள் பக்கம் திரும்பின. நடுவில் கிடந்தவர் கையை ஊன்றி எழ ஆரம்பித்தார்.