எறும்புகள் வளைந்து போன வழி

பிளசியின் அப்பா மரிய ஆனந்துக்கு ரயிலில் சமையல் வேலை. பொங்கலுக்கு வந்துபோனவர், பிறகு வீட்டுப் பக்கம் வரவே இல்லை. ஞாயிறுதோறும் அவருடைய ரயில் மொரப்பூரில் நிற்கும். நிற்கும் என்று பேர்தான். வாயில் போட்ட மிட்டாய் கரைவதற்குள் கிளம்பிவிடும்.

பூசை முடிந்ததும் பிளசியும் தம்பி அமலனும் கோயிலிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். உழுதுபோட்ட கொல்லையின் அந்தக் கோடியில் ஸ்டேஷன். கொல்லையில் குறுக்கே ஓடினால் கால் புதையும், செருப்பு கழன்றுகொள்ளும். போன வாரம் ரயில் நகர்ந்துவிட்டது. தூரத்தில் அப்பா கையாட்டியது மட்டும்தான் தெரிந்தது. அப்பாவை ஒரே ஒரு தடவை தொட்டால் போதும் என்றிருந்தது பிளசிக்கு.

"ரோட்டுலயே சுத்திப் போலாம்க்கா," என்றான் அமலன்.

"ரயில்வே கேட்டைச் சுத்திப் போறதுக்குள்ள ரயிலு சேலமே போயிடும்டா."

சனிக்கிழமை வாசலில் சாக்கு விரித்துப் புளி காயவைத்திருந்தார்கள். சாக்கின் மேல் அமலன் ஒரு முறுக்குத் துண்டைச் சிந்தியிருந்தான். சுவர் ஓட்டையிலிருந்து எறும்புகள் கிளம்பின. வழவழப்பான சிமெண்டுத் தரையிலேயே வெகுதூரம் போயின. முறுக்குக்கு நேராக வந்த பிறகே சாக்கில் ஏறின.

"சுத்திப் போவுது பாருக்கா, லூசு எறும்பு!"

பிளசி குனிந்து பார்த்தாள். ஓர் எறும்பு மட்டும் சாக்கில் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. நார் நாராக ஏறி இறங்கி, பாவம், பாதி தூரம்கூடத் தாண்டவில்லை. அதற்குள் மற்ற எறும்புகள் முறுக்கோடு திரும்பிவிட்டன.

"டேய், சாக்குதான் கொல்லை! தரைதான் ரோடு!"

"அப்போ முறுக்கு?"

"அப்பா!"

அமலன் திருதிருவென்று முழித்தான்.

மறுநாள் பிளசி கொல்லையில் இறங்கவில்லை. கொல்லையை ஒட்டிய ரோட்டிலேயே ஓடினாள்.

"ஸ்டேஷன் அங்க இருக்குதுக்கா!"

"பேசாம வாடா."

ஸ்டேஷனுக்கு நேராக வந்ததும்தான் மண்ணில் இறங்கினாள். அங்கே கடக்க வேண்டிய தூரம் கொஞ்சம்தான். இருவரும் பிளாட்பாரத்தில் ஏறியபோது ரயில் இன்னும் வரவே இல்லை.

வந்து நின்றதும் அப்பா குதித்து இறங்கினார். வாரமெல்லாம் சேர்த்துவைத்த பேச்சு பிளசிக்கு மறந்துபோனது.

"எப்பப்பா வூட்டுக்கு வருவீங்க?"

"லீவு கேட்டிருக்கறேன் கண்ணு." வெங்காயம் நறுக்கிய கைகளால் அவள் கன்னங்களை ஏந்திக்கொண்டார். அமலனை இடுப்பில் தூக்கி ஒரு முத்தம் கொடுத்தார்.

ரயில் ஊதியது. அப்பா ஓடி ஏறினார்.

அன்று இரவு வரை பிளசி முகம் கழுவவே இல்லை.