கேஸா, ஆர்கானா?

செம்பள்ளத்தில் ஞாயிறுதோறும் இறந்துபோனவர்களை சர்வீசுக்கு விடுவார்கள். காலைப் பூசை முடிந்ததும் கடை வாசலில் வரிசை நின்றுவிடும். காலமான மாமியார் பழையபடி குத்திப் பேசுவதில்லை என்று மருமகளே வந்து குறைப்பட்டுக்கொள்வாள். செவ்வாய்க் கிரகத்தின் அந்தப் பெரும்பள்ளத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டுக் குடியேறியவர்கள் தூத்துக்குடிப் பக்கத்து ஜனங்கள். ஆள் போனாலும் பேச்சு போய்விடக்கூடாது அவர்களுக்கு. ஒருவர் வாழ்நாளெல்லாம் பேசியதைச் சேர்த்துவைத்து, அதே குரலில், அதே குணத்தில் பேசும் இயந்திர உருவுக்கு அங்கே ‘பேச்சுரு’ என்று பெயர்.

ஒரு ஞாயிறு நல்லபெருமாள் சர்வீஸ் முடித்து அழைத்துவந்தது, தன் சிநேகிதர் சந்தியாகுவின் பேச்சுருவை. சந்தியாகுவின் மனைவி அதை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். உயிரோடு இருந்தபோது கேட்டதே போதுமாம்.

செவ்வாயில் எடை குறைவு. கூரைக்குள் காற்றுக்குக் குறைவில்லை. அதனால் ஆளுக்கொரு குட்டி விமானத்தைத் தாங்களே கட்டிப் பறப்பது அந்த ஊரில் சாதாரணம். சிநேகிதர்கள் இருவரும் சேர்ந்து ஒன்றை ஆரம்பித்தார்கள். உருக்குக் குழாயில் எலும்புக்கூடு, அதன்மேல் துணி. குழாய்களை எப்படி ஒட்டுவது என்பதில்தான் வினை வந்தது.

நல்லபெருமாள் கேஸ் வெல்டிங் கட்சி. ஆக்சிஜன் கலந்து எரியும் தீ மெதுவாகச் சூடேற்றும், உருக்கு மெதுவாக ஆறும், விரிசல் விடாது என்பார். சந்தியாகு ஆர்கான் வெல்டிங் கட்சி. ஆர்கான் வாயுவின் காப்பில் மின்பொறி வேண்டிய இடத்தை மட்டும் சுடும், குழாய் கோணாது, ஒட்டு பார்க்கவே லட்சணமாக இருக்கும் என்பார். போதாக்குறைக்கு, ஆர்கான் செவ்வாய்க் காற்றிலேயே கிடைக்கிறது. ஆக்சிஜனோ மூச்சுக்கு வேண்டியது. “என் மூச்ச எரிச்சுல்லா வே நீரு விமானம் கட்டுதீரு!” என்று கத்துவார். மூன்றாவது வகையான சி.ஓ.டூ. வெல்டிங்கைத் திட்டும்போது மட்டும் இருவரும் ஒற்றுமையாகத் திட்டுவார்கள்.

கடைசியில் மூக்குப் பக்கம் கேஸ், வால் பக்கம் ஆர்கான் என்று பாகம் பிரித்து ஒட்டினார்கள். சக்கரக்கால் வந்து சேரும் இடத்தில், நாலு குழாய் கூடுகிற ஒரே ஒரு மூட்டு பாக்கி நின்றது. அதை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வருடங்கள் ஓடின. மூட்டு ஒட்டாமலே சந்தியாகு போய்ச் சேர்ந்தார்.

பேச்சுரு வந்தபிறகும் கொட்டகையில் சாயங்காலச் சண்டை நிற்கவில்லை. தனிக்கட்டையான நல்லபெருமாளுக்கு மிஞ்சியிருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

அந்த ஞாயிறு சர்வீசிலிருந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் பேச்சுரு சொன்னது: “வே, வெல்டிங் சோதனை முடிவு எல்லாத்தையும் பாத்துட்டேன். ரெண்டுமே நிக்கும். ஆனா இந்த மூட்டுக்கு உம்ம கேஸ்தான் ஒரு மயிரிழை மேல. நீரு சொன்னதுதான் சரி.”

இந்த வார்த்தைக்காக எத்தனை வருடத் தவம்! நல்லபெருமாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டார்ச்சைப் பற்றவைத்தார். மூட்டை நோக்கிக் குனிந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன வே, பேசாம இருக்கீரு?”

“பேச என்ன இருக்கு? நீரு ஒட்டும்.”

தீயின் சீறல் மட்டும் கேட்டது. கல்லறையில் அழாத மனிதருக்கு இப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு சர்வீஸ் கடைக்கு ஓடினார்.

“ஏம்மா இமல்டா, என் கூட்டாளிய என்ன செஞ்ச? அந்த மனுசன் இன்னைக்குத்தான் செத்தாரு!”

கடைக்காரி இமல்டா கையைப் பிசைந்தாள். “உண்மைத் திருத்தம்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு அண்ணாச்சி, நெசத்த மட்டும்தான் பேசவைக்கும், எல்லாருக்கும் போட்டாச்சு. தெரிஞ்சத இனிமே மறக்கவைக்க முடியாது. அவரு குணம் அப்படியேதான் இருக்கு. யாராவது தப்பாப் பேசினா எகிறுவாரு. நீங்க வேணா கட்சி மாறிப் பாருங்களேன்.”

நல்லபெருமாள் கொட்டகைக்குத் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “யோசிச்சுப் பாத்தா, ஆர்கான்தான் வே நல்லது.”

பேச்சுரு ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. “உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பொசுக்குன்னு ஆறி விரிசல் விட்டா, எறங்கும்போது சக்கரம் ஒரு பக்கம், நீரு ஒரு பக்கம் கெடப்பீரு!”

அதே சந்தியாகு! நல்லபெருமாளுக்கு உயிர் வந்தது. பதிலுக்குப் பதில் கொடுத்தார். ஆர்கானுக்காக சந்தியாகு சொன்னதெல்லாம் அட்சரம் பிசகாமல் வாயில் வந்தபோது அவருக்கே ஆச்சரியம். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தார். பேச்சுரு திருப்பி வீசியதோ அவருடைய சொந்த வாதங்கள். அந்த மனிதரும் ஒன்று விடாமல் கேட்டுத்தான் வைத்திருந்திருக்கிறார்.

பேசப் பேச ஆர்கான் பக்கத்து நியாயம் நல்லபெருமாளுக்கு உண்மையாகவே உறைத்தது. திறந்து கிடந்த மூட்டைத் தடவிப் பார்த்தார். எதில் ஒட்டியிருந்தாலும் நின்றிருக்கும். ஒரே ஒரு சாயங்காலம் வாயை மூடிக்கொண்டு சந்தியாகுவை ஒட்டவிட்டிருந்தால், இரண்டு பேரும் செம்பள்ளத்துக்கு மேலே ஒரு சுற்றாவது பறந்திருக்கலாம். அதை நினைக்க அவருக்குத் தாங்கவில்லை.

“ஒத்துக்கிடுதேன் வே, சந்தியாகு,” என்றார் குரல் உடைந்து. “ஆர்கான்லயே ஒட்டிருவோம்.”

“மண்ணாங்கட்டி!” என்றது பேச்சுரு. “கேஸ்தான்.”