மேட்டுச் சாலையில் பாதி கிளட்ச்

நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை.

இன்றைய தவறு: மேட்டுச் சாலை டிராபிக் லைட்டில் என் கார் பின்னால் உருண்டு ஒரு வேனின் பம்பரைத் தொட்டது. பெரிய இடி இல்லை. தவறு அதுவும் இல்லை. இறங்கி வந்தவரிடம் மன்னிப்புக் கேட்காமல், ஒட்டி நிறுத்தியது அவர்தான் என்று சொன்னேன். அதுதான் தவறு. அவருடைய கண்களைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

கடைசி வரியை லோஷினி அடித்துவிட்டாள். அடித்த கோட்டுக்கு அடியிலும் அது படிக்கக் கிடைத்தது...

வகுப்பு இடைவேளை. குளுவாங் நகரில் ஒரு தனியார் கல்லூரியின் மாடி அது. செவ்வாயும் வியாழனும் மாலையில் பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சி. பகலில் அவளுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. ஓடும் பெல்ட்டில் உடைந்ததை மட்டும் தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் நாள்குறிப்பிலும் ஒட்டிக்கொண்டது. நாளுக்கு ஒரு தவறு, தேதியோடு.

நடந்தது இதுதான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேட்டின் நடுவில் சிவப்பு விளக்கு. லோஷினி காரை நிறுத்தவில்லை... தாங்கிப் பிடித்திருந்தாள். இடது காலில் பாதி கிளட்ச், வலது காலில் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர். லைசன்ஸ் எடுத்தபோது புக்கிட் டெஸ்டில், அந்த மேடேறும் தேர்வில், இரண்டு முறை தோற்றவள் அவள். மூன்றாம் முறை பயிற்சியாளர் ஒரே ஒரு மந்திரம் சொன்னார். "காரோட மூக்கு லேசா தூக்கும். அந்த இடத்துல கால அசைக்காதம்மா." அசைக்கவில்லை. பாஸ். அதன் பிறகு மூன்று வருடமாக எந்த மேட்டிலும் அவள் அந்தக் காலை அசைத்ததில்லை. சமதரையில்கூட இடது கால் கிளட்சின் மேலேயே குடியிருந்தது.

அன்று கெண்டைக்கால் நடுங்கியது. கருகிய வாசனை வந்தது. கால் நழுவி... டொக்.

வேனிலிருந்து ஒருவன் குடையில்லாமல் இறங்கி வந்தான். முதலில் அவளுடைய நம்பர் பிளேட்டைப் பார்த்தான். அப்புறம் வேகமாக நடந்து வந்து கண்ணாடியைத் தட்டினான். அவள் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள். அவன் இமைகளில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. எதையோ கோபமாகச் சொல்ல வந்த முகம், சொல்லாமல் அப்படியே நின்றது.

"நீங்க ஏன் இவ்ளோ ஒட்டி நிப்பாட்டுனீங்க?" என்று அவள் முந்திக்கொண்டாள்.

"ஆமா... என் தப்புதான் லா." அவன் மூக்கைச் சுளித்தான். "பம்பர விடுங்க. உங்க கிளட்ச் வாசனை என் வேன் வரைக்கும் வருது. ஹேண்ட்பிரேக்க இழுங்க. நியூட்ரல் போடுங்க. அந்தக் கால எடுத்துக் கீழ வைங்க."

"எனக்கு ஓட்டத் தெரியும்."

"தெரியுது. பின்னால இருந்து நல்லாவே தெரியுது."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அலறியது. அவனோ நனைந்தபடியே சாலையில் நின்று, பின்னால் வந்த கார்களுக்குக் கையைக் காட்டி நிறுத்தி, அவள் மேடேறிப் போகும்வரை நகரவில்லை.

வியாழக்கிழமை கல்லூரிப் படிக்கட்டில் அதே இமைகள். இம்முறை ஈரமில்லை.

"என்ன டீச்சர், கால் எப்படி இருக்கு?"

"எந்தக் கால்?"

"இடது கால். உலகம் பூரா வலது காலத்தான் பாக்குது. எனக்கு இடதுதான் முக்கியம்."

பெயர் தீபன். கார் பட்டறையில் வேலை. கீழ்த்தளத்தில் மின்சாரக் கார் பழுதுபார்க்கப் படிக்கிறானாம்.

"அந்தக் காருல கிளட்ச் உண்டா?"

"கிடையாது."

"அப்போ எனக்கு ஏத்த கார்."

"அது உங்க கைக்கு வர்ற வரைக்கும் இது தாங்கணுமே, டீச்சர்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. இது தாங்காவிட்டால்? செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி இருக்கும் அவள் வீட்டுக்கு மாலைக்கு மேல் பஸ் கிடையாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் ரூபேந்திரன் சனிக்கிழமைதான் வருவான். மார்ச்சில் புதுக் கிளட்ச் போட்டபோதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "இன்னொரு தடவை கிளட்ச் போச்சுன்னா கார வித்துருவேன் லோஷி. கிளாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

கார் இல்லையென்றால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லையென்றால், வாழ்க்கை முழுதும் உடைந்த பிஸ்கட்.

"கத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

வகுப்புக்கு முன் அரைமணி நேரம், கல்லூரிக்குப் பின்னால் இருந்த சரிவில் பாடம் நடந்தது. முதல் நாள் அவன் ஓட்டிக் காட்டினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலையே பார்த்தாள். என்ன அழகு அது... கியர் மாற்ற வேண்டிய நொடியில் கால் வந்தது. அடிவரை மிதித்தது, சீராக விட்டது, உடனே தரைக்குத் திரும்பி ஓய்ந்து உட்கார்ந்தது. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. அவள் கையில் அழுது முனகும் கார், அவனிடம் சொன்னபடி கேட்டது. மேட்டில் ஹேண்ட்பிரேக்கை விடும்போது ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகவில்லை. தன் வேலையை இவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒருவனை இத்தனை அருகில் அவள் பார்த்ததே இல்லை.

"மிதிச்சா முழுசா மிதிங்க. விட்டா முழுசா விடுங்க. நடுவுல இருக்குறது, கார் கிளம்புற அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான். அங்கயே தங்குனா கிளட்ச் தட்டு தேயும்."

"பயமா இருக்கே. விட்டா பின்னால போயிருமேன்னு..."

"ஹேண்ட்பிரேக் எதுக்கு இருக்கு? எல்லாத்தையும் உங்க ஒரு காலே தாங்கணுமா?"

அந்தக் கேள்வியை அன்று நாள்குறிப்பில் எழுதி வைத்தாள். கூடவே, தேவையில்லாமல் கிளட்சில் கால் வைத்த தடவைகளையும். முதல் நாள் வீடு திரும்பும் வழியில் நாற்பத்தொன்று. அடுத்த செவ்வாய் இருபத்தாறு. வியாழன் ஒன்பது. ஒன்பதைப் பார்த்த தீபன் கல்லூரிக் கேண்டீனில் ஒரு மைலோ வாங்கி வந்து அவள் முன் வைத்தான். அவள் குடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்தான். காது மட்டும் சிவந்திருந்தது...

நவம்பர் 27, வியாழன். சமதரைச் சாலை. நான்காவது கியரில் அவன் அழுத்தச் சொன்னான். அவள் அழுத்தினாள். எஞ்சின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை.

"தட்டு முடியப் போவுது, லோஷினி." அவள் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் முறை. "உங்க கால் இப்போ சரியாயிருச்சு. ஆனா தேஞ்சது தேஞ்சதுதான்."

"மார்ச்லதான புதுசு போட்டது... போட்டவன் ஒழுங்கா போடல. ஆகஸ்ட்லயே வாசனை வந்துச்சு. எங்க அண்ணனே அந்த ஐயாசாமி வர்க்‌ஷாப்புக்குப் போய் நல்லா கேட்டுட்டு வந்தாரு."

துடைப்பான் காய்ந்த கண்ணாடியில் ஒரு முறை கீச்சிட்டது. அதை அணைக்க மறந்திருந்தாள்.

"போட்டது நான்தான்" என்றான் தீபன்.

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். நியூட்ரல். ஹேண்ட்பிரேக். கால் தரையில். எல்லாவற்றையும் சரியாக நிறுத்தினாள், அழுகையைத் தவிர.

"உங்க அண்ணன் வந்து கேட்ட அன்னிலேர்ந்து முதலாளி எனக்குக் கிளட்ச் வேலையே குடுக்கல. டயர், ஆயில், அவ்ளோதான்."

"முதல் நாளே ஏன் சொல்லல? என் தப்ப எண்ணிப் பாக்கத்தான் கூட வந்தீங்களா?"

"எண்ணுனது நீங்கதான், டீச்சர். நோட்டு உங்களுது."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அது எங்கேயோ போய்த் தைத்தது. "நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்" என்றாள் அவள். அவன் இறங்கினான். கதவை அறையவில்லை. அதுதான் இன்னும் வலித்தது...

அன்றைய பக்கத்தில் ஆகஸ்ட் மாதத் தவறை எழுதினாள்: 'நீ ஒழுங்காத்தான ஓட்டுற?' என்று அண்ணன் கேட்டார். நான் தலையாட்டினேன். எனக்குச் சந்தேகம் இருந்தது. இருந்தும் தலையாட்டினேன்.

சொன்னால் கார் போகும், வகுப்பு போகும். சொல்லாவிட்டால், அந்த அழகான கால் பட்டறை மூலையில் டயர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும்.

சனிக்கிழமை காலை ரூபேந்திரன் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கிளட்ச் திரும்பப் போயிருச்சு. அவங்க ஒழுங்காத்தான் போட்டாங்க. என் காலுதான் கெடுத்துச்சு. நீங்க ஆகஸ்ட்ல கேட்டப்பவே சந்தேகமா இருந்துச்சு. சொல்லல."

தோசையைப் பிய்த்த கை நின்றது. "நான் அந்தக் கடைல அவ்ளோ கத்துனேனே லோஷி."

"அதான் அண்ணே. இப்போ நான் வந்து சொல்லணும். அதுக்கப்புறம் கார வித்துருங்க."

அன்றே அண்ணனோடு போனாள். ஐயாசாமியின் பட்டறையில் தீபன் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் டயர் தானாகப் போய்ச் சுவரில் சாய்ந்தது. லோஷினி முதலாளி முன் நின்று, எழுதி வைத்ததைப் படிப்பதுபோல், கால் வைத்த கணக்கு உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தவில்லை.

ஐயாசாமி நெற்றியைச் சொறிந்தார். "இவன்கிட்ட நானே ஒரு வார்த்த கேட்டிருக்கணும். டேய் தீபா, நீயே இறக்கிப் பாருடா."

மதியத்துக்குள் கியர்பாக்ஸ் இறங்கியது. தட்டைத் தீபன் துணியால் துடைத்து ரூபேந்திரனிடம் கொடுத்தான். வட்டம் முழுதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. அதை அழுத்தும் இரும்பில் சூடுபட்ட நீலத் திட்டுகள். போட்டது கோணலாக இருந்திருந்தால் ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கும் என்று ஐயாசாமி விளக்கினார்.

ரூபேந்திரன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சாரி தம்பி" என்றான். பிறகு தங்கச்சியைப் பார்த்தான். "இப்போ எத்தன தடவ கால் வைக்கிற?"

"ஒன்பது."

"ஒன்பதுக்காகவா கார விக்கிறது? புதுசு போடச் சொல்லு. கிளாஸுக்கு எப்படிப் போவ?"

அவன் டீ குடிக்க ஐயாசாமியோடு நகர்ந்தான். வெளியே மழை பிடித்தது. தகரக் கூரையில் சடசடவென்று...

"அன்னிக்கு மேட்டுல உங்க கார் நம்பரத்தான் பாத்தேன்" என்றான் தீபன், கையைத் துடைத்தபடி. "மூணு மாசமா தேடுன கார். என் வேலையக் கெடுத்தது யாருன்னு பாத்து, நல்லா நாலு கேக்கணும்னுதான் இறங்குனேன். கண்ணாடி இறங்குச்சு... என்ன கேக்க வந்தேன்னே மறந்துபோச்சு."

"இப்போ ஞாபகம் வந்துச்சா?"

"வரல. வேற ஒண்ணு இருக்கு. சொல்ல பயமா இருக்கு."

"பாதிலயே நிக்காதீங்க. தேஞ்சிரும்."

அவன் சிரித்துவிட்டான். "உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, லோஷினி."

அவள் பையிலிருந்து நாள்குறிப்பை எடுத்து, நவம்பர் 11-ஐத் திறந்து, அடித்திருந்த வரியைக் காட்டினாள். அவன் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் படித்தான். மறுபடி படித்தான். காதுகள் சிவந்தன.

"எனக்கும்" என்றாள் அவள்.

நவம்பர் 29, சனிக்கிழமை.

இன்றைய தவறு: வியாழனன்று அவரை வர வேண்டாம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க இன்றும் மறந்துவிட்டேன்.

நாளை: காலை ஒன்பதரைக்குப் பட்டறையில் காரை எடுக்க வேண்டும். முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு மேட்டுச் சாலை. சிவப்பு விழுந்தால் ஹேண்ட்பிரேக், நியூட்ரல், இடது கால் தரையில். தீபன் பக்கத்தில் உட்காருவார்.