நாலு விரல் துணி

புதன்கிழமை காலை சிட்டுவின் யூனிஃபார்ம் பாவாடை கெண்டைக்காலில் பாதிவரை இறங்கிக் கிடந்தது. பள்ளிக்கூடம் திறந்த அன்று முழங்காலுக்குக் கீழே இரண்டு விரல் நிற்கும்படி தைத்த பாவாடை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பாவாடை ஏறும். இறங்கி யாரும் பார்த்ததில்லை.

தைத்தது அவளுடைய அம்மா. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைப்பவள், அரை இஞ்ச் பிசகாது என்று பெயர் வாங்கியவள். சொந்த மகளிடமா கோட்டை விடுவாள்? இடுப்பு நழுவுகிறதா என்று பார்த்தாள். கொக்கி இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. இஞ்ச் டேப் பழசாகி இழுத்துக்கொண்டது என்று பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டாள்.

"ஒழுங்கா நில்லுடி. கூனிக்கிட்டு நிக்கிற."

"நேராத்தான்மா நிக்கிறேன்."

பள்ளி வண்டி வரும் நேரம். அந்த அவசரத்தில் அவள் செய்யக்கூடாததைச் செய்தாள். வளர்கிற பிள்ளையின் துணியை எந்தத் தையல்காரியும் வெட்டமாட்டாள். பிறகு பிரித்து இறக்கிவிடலாம் என்று உள்ளே மடித்துத்தான் தைப்பாள். அவளோ நாலு விரல் அகலத்துக்குக் கத்தரியை ஓட்டிவிட்டு ஓரத்தை மிஷினில் கொடுத்து அடித்தாள். நீல நூல் தீர்ந்திருந்தது. பச்சை நூலிலேயே அடித்தாள், யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று. வெட்டிய துண்டை வெட்டுத்துணிப் பையில் எறிந்தாள்.

சிட்டு சிணுங்காமல் கிளம்பினாள். அதுவே பெரிய விஷயம். இந்த ஊருக்கு வந்த எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு ஒரு தோழி கிடைக்கவில்லை. வாய்விட்டு ஒரு சிரிப்பு இல்லை. அம்மாவுக்கு அதுதான் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. போன மாதம் அவள் தம்பி ஒரு டிவிடி கொண்டுவந்தான், மூடப்போகிற வீடியோ கடையில் கூடையில் குவித்து விற்றார்களாம்.

"நாம விழுந்து விழுந்து சிரிச்ச படம்க்கா. இவளுக்குப் போட்டுக் காட்டு."

அட்டையில் ஒரே குடைக்குள் ஆறு பெண்கள். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் ஆறு பேரும் அடிக்கும் லூட்டிதான் கதை. சிட்டு சிரித்த சிரிப்பு அடுக்களை வரை கேட்டது. அன்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் அழுதாள். அதிலிருந்து தினமும் பள்ளி விட்டு வந்ததும் அந்தப் படம்தான்.

வெயில் டிவியில் அடிக்கும் என்று சிட்டு உள்ளறைத் திரைச்சீலையை இழுத்துவிடுவாள். அன்று மாலையும் அப்படித்தான். மிஷின் எண்ணெய் வாடையும் புதுத்துணிக் கஞ்சி வாடையும் கலந்த முன்னறையில் உட்கார்ந்து, வெளியே யாரோ சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டும் சத்தத்தையும் உள்ளே டிவியின் கசகசப்பையும் காதில் வாங்கியபடி ஒரு காலருக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த அம்மா, பெடலை நிறுத்தினாள். உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். ஒன்று சோபாவிலிருந்து. ஒன்று டிவியிலிருந்து. இரண்டும் சிட்டுவின் குரல்.

எழுந்து போய் உள்ளறை வாசலில் நின்றாள். திரையில் உயரம் அளக்கும் காட்சி. ஆறு பெண்களும் சுவரோரம் வரிசையில் நிற்க, நர்ஸம்மா தலையில் ஸ்கேலை வைத்து அளவைக் கத்திச் சொல்லுவாள்; குள்ளச்சி ஒருத்தி கைக்குட்டையை மடித்து ஷூவுக்குள் வைத்திருப்பாள். அம்மாவுக்கு மனப்பாடமான காட்சி. ஆனால் வரிசையில் ஏழு பேர். கடைசியில் நின்ற ஏழாவது பெண் மற்றவர்களின் இடுப்பளவுதான் இருந்தாள், சுவரைப் பார்த்துத் திரும்பி. அவள் பாவாடையின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு ஒட்டு. ஒட்டுப் போட்ட இடத்தில் பச்சை நூல்.

வெட்டுத்துணிப் பையைத் தரையில் கவிழ்த்துத் தேடினாள். அந்தத் துண்டு இல்லை. தம்பிக்குப் போன் போட்டாள்.

"அந்தப் படத்துல உயரம் அளக்குற இடத்துல எத்தன பொண்ணுங்கடா?"

"ஆறுதான்க்கா. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் போனை வைத்தாள்.

வியாழக்கிழமை புது டேப் வாங்கிவந்து மகளைச் சுவரோரம் நிறுத்தினாள். பள்ளி திறந்தபோது நாலடி எட்டு அங்குலம். இப்போது நாலடி ஒன்று. மறுநாள் மூன்றடி பத்து. சிட்டுவுக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசி நன்றாக எடுத்தது. டாக்டர் அளந்து பார்த்துவிட்டு, பழைய அளவைத் தப்பாகக் குறித்திருப்பீர்கள் என்று அம்மாவையே சொன்னார். வீட்டுக்கு வந்ததும் சிட்டு போட்டுவிட்ட படத்தை அம்மா பட்டென்று அணைத்தாள்.

சிட்டு சிரிப்பின் நடுவில் நின்றுபோனாள். வாய் திறந்தபடி. கண் திறந்தபடி. மூச்சு இல்லை. அம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள், பெயர் சொல்லிக் கத்தினாள். உதடு நீலம் பாய்ந்தது. மறுபடி பட்டனை அழுத்தினாள். படம் ஓடியது. சிட்டு மிச்சச் சிரிப்பைச் சிரித்து முடித்தாள்.

"ஏம்மா நிறுத்துன? நல்ல இடம்."

அதற்குப் பிறகு படத்தை அணைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. படம் முடியும், தானாக முதலிலிருந்து ஓடும். ஃபியூஸ் போய் மின்சாரம் நின்றுவிடக்கூடாதே என்று மின்விசிறியைக்கூடப் போடாமல், புழுக்கத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை சிட்டுவின் கால் தரையில் எட்டவில்லை. ஞாயிறு காலை சோபாவின் விளிம்பையே எட்டவில்லை. பாவாடைதான் சோபா முழுக்க விரிந்திருந்தது.

ஞாயிறு மதியம். மூடிய திரைச்சீலை. கஞ்சி வாடை. உயரம் அளக்கும் காட்சி.

ஏழாவது பெண் இப்போது மற்ற ஆறு பேருக்கும் சமமாக நின்றாள். நர்ஸம்மா ஸ்கேலை வைத்தாள். "நாலடி எட்டு," என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஏழாவது பெண் திரும்பினாள்.

சிட்டு.

ஆறு பேரும் அவள் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். எட்டு மாதமாக அம்மா பார்க்க ஏங்கிய சிரிப்பு அந்த முகத்தில் இருந்தது.

அம்மாவின் உள்ளங்கை காலியாக இருந்தது. பக்கத்தில் பாவாடை. தட்டையாக. நடுவில் மட்டும் ஒரு சின்ன மேடு, ஏறியது, இறங்கியது.

திரையில் சிட்டு குனிந்து தன் பாவாடை ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். அதே நாலு விரல் ஒட்டு, அதே பச்சை நூல். அப்படியும் முழங்கால் தெரிந்தது. நேராக அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, துணி பத்தல. இன்னும் கொஞ்சம் வெட்டு."

பாவாடைக்குள்ளிருந்தும் அதே குரல், கொசுவின் சத்தம்போல மெல்லியதாக, வேறொன்று சொன்னது.

"வேணாம்மா."

அம்மா தன் கையைப் பார்த்தாள். கையில் கத்தரி இருந்தது. எடுத்த நினைவு இல்லை. திரையில் ஏழு பெண்களும் சிரிப்பை நிறுத்திவிட்டு, வரிசை கலையாமல், அவளுக்காகக் காத்திருந்தார்கள்.