சாகாத ஹார்ட் டிஸ்க்

பெர்மாஸ் ஜெயாவில், தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கண்ணையா செட்டியார் கிடந்தார்.

கழுத்து திரும்பியிருந்த பக்கம், உயிருள்ள கழுத்து திரும்பாது.

மாப்பிள்ளை கமலநாதனைப் போலீஸ் பிடித்துவிட்டது. முந்தின நாள் இருவருக்கும் வாய்ச்சண்டை... அது போதுமாக இருந்தது.

படிக்கட்டு கேமராவின் பதிவெல்லாம் கண்ணையாவின் லேப்டாப்பில்தான் சேரும். திறந்தால் கறுப்புத் திரை. ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்றது.

மறுநாள் காலை. பக்கத்து ஊர் மாசாயில் ரூபினியின் லேப்டாப் ரிப்பேர் கடை.

இன்ஸ்பெக்டர் செல்வா கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார். பதினொரு மணிக்குக் கமலநாதன் கோர்ட்டில் நிற்க வேண்டும்.

இறந்தவரின் தம்பி சோமு, நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். டிஸ்க் செத்துவிட்டது, அப்படியே எழுதிக் கொடு என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.

ரூபினி எஃப்-டூ விசையைத் தட்டினாள். லேப்டாப்பின் உள் அமைப்புகளை மாற்றும் பயோஸ் திரை வந்தது.

"சாகல சார். யாரோ இங்க வந்து டிஸ்க்கை ஆஃப் பண்ணி, பாஸ்வேர்டும் வச்சிருக்காங்க. மாத்தணும்னா அந்தப் பாஸ்வேர்ட் வேணும்."

"டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல போடேன்," என்றார் செல்வா.

"போர்டோட ஒட்டினது லா. பாஸ்வேர்டை மூணு தடவை தப்பா அடிச்சா பூட்டிக்கும்."

கண்ணையாவின் பிறந்த வருடம்... தப்பு.

"மாப்பிள்ளை வேலைதான்," என்றார் சோமு. "அவங்க வேலங்குடி கோயில். அதைப் போட்டுப் பாரு."

"கோயிலா?" செல்வா நின்றார்.

"எங்கள்ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோயில் உண்டு தம்பி. ஒரே கோயில்காரங்க பங்காளிங்க. பொண்ணு குடுக்க மாட்டோம். நாங்க நேமம் கோயில். எங்க ஆளுங்க ரத்தம் சிந்த மாட்டாங்க."

வேலங்குடி... தப்பு.

இன்னும் ஒரே ஒரு தடவை.

சோமு எழுந்தார். "போதும். நேரம் வீண்."

ரூபினி அவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அடித்தாள். நேமம்.

திறந்துகொண்டது!

டிஸ்க்கை ஆன் செய்து சேமித்தாள். லேப்டாப் விழித்தது. பதிவு ஓடியது.

மேல்படியில் கண்ணையா. அவர் குரல்: "ஆளை வண்டியால இடிச்சுட்டு ஓடி வந்திருக்க. போலீஸ்ல சொல்லத்தான் போறேன் சோமு. குடும்ப மானம் போனா போகட்டும்."

பின்னாலிருந்து இரண்டு கைகள்...

ரூபினி பதிவை நிறுத்தினாள்.

சோமுவின் முதுகு முதல் முறையாக வளைந்தது. "நேமம் வீட்டுக்காரன் கையில விலங்கா..."

செல்வா விலங்கைப் பூட்டினார்.

"கவலைப்படாதீங்கய்யா. இதுக்குப் பாஸ்வேர்ட் நீங்க சொல்ல வேண்டியதில்ல. சாவி என்கிட்ட இருக்கு."